பூஜ்ஜியம், மூன்று, பதினைந்து

"சார், கொஸ்டின் பேப்பர்ல தப்பு இருக்கு."

எழுந்து நின்றவன் பாலாஜி. பரீட்சை ஹாலில் எனக்கு முன் பெஞ்சு. மணி அடித்துக் கொஞ்ச நேரம்தான் ஆகியிருந்தது. மே மாத வெயில், தலைக்கு மேலே கடகடவென்று ஃபேன், வியர்வையில் ஒட்டிக்கொள்ளும் விடைத்தாள்.

ஹால் சூப்பர்வைசராக வந்தவர் சிவில் துறைக்காரர். கணக்குப் பேப்பர் என்றாலே ஒதுங்கி நிற்கிற ஆள். "என்னப்பா தப்பு?" என்றார்.

"மேட்ரிக்ஸ்ல மொத நம்பர் எட்டு சார். ஒன்பதுன்னு அடிச்சிருக்காங்க."

"அது எட்டுன்னு உனக்கு எப்படித் தெரியும்?"

"எல்லாருக்கும் தெரியும் சார்."

ஹாலில் இருந்த அத்தனை தலைகளும் ஆமாம் என்று ஆடின. என் தலையும்தான். கேள்வித்தாளில் என்ன கேட்டிருக்க வேண்டும் என்று எழுத வந்தவர்களுக்கே தெரிந்திருந்தது. அது எப்படி என்று சொல்ல நான் கொஞ்சம் பின்னால் போக வேண்டும்.

ஒரு வாசகியின் புகார்

இந்தத் தொடரில் என் தெருவைப் பற்றி எழுதினேன், துறைமுகத்தைப் பற்றி எழுதினேன், மீன் குழம்பைப் பற்றிக்கூட எழுதினேன். "இன்ஜினியரிங் படித்ததாகச் சொல்கிறீர்கள், படிப்பைப் பற்றி ஒரு வரி கூடக் காணோமே" என்று ஒரு வாசகி கேட்டிருந்தார். நியாயமான புகார். கணக்கைப் பற்றி எழுதினால் பக்கத்தைப் புரட்டிவிடுவீர்களே என்கிற பயம்தான் காரணம்.

புரட்டாதீர்கள். பத்தாம் வகுப்பில் கூட்டவும் கழிக்கவும் தெரிந்திருந்தால் போதும், மிச்சத்தை நான் பார்த்துக்கொள்கிறேன்.

சிதம்பரத்தில் ஒரு கல்லூரியில் கெமிக்கல் இன்ஜினியரிங் படித்தேன். வீடு கடலூர் முதுநகர். அப்பா செம்மங்குப்பத்தில் ஒரு ரசாயனத் தொழிற்சாலையில் பம்ப் ஆபரேட்டர். எங்கள் குடும்பத்தில் காலேஜ் வாசலை மிதித்த முதல் ஆள் நான். சர்ச்சில் ஒரு ஞாயிறு விடாமல் அப்பா இதை யாரிடமாவது சொல்லிவிடுவார். நான் வேறு பக்கம் பார்த்துக்கொண்டு நிற்பேன்.

அப்படிப்பட்ட நான் இரண்டாம் செமஸ்டர் கணக்கில் அரியர் வைத்தேன். திரும்ப எழுதினேன். திரும்பவும் அரியர்.

எங்கள் கல்லூரியில் ஒரு விதி உண்டு. முதல் வருஷப் பேப்பரை இரண்டாம் வருஷ முடிவுக்குள் தூக்காவிட்டால் மூன்றாம் வருஷத்துக்குள் விடமாட்டார்கள். ஒரு வருஷம் வீட்டில் உட்கார்ந்து, ஜூனியர்களோடு மறுபடி சேர வேண்டும். இந்தப் பரீட்சைதான் எனக்குக் கடைசி வாய்ப்பு. முன் பெஞ்சு பாலாஜிக்கும் அதேதான். அந்த ஹாலில் இருந்த பலருக்கும் அதேதான்.

பஸ் நம்பர் மாதிரி ஒரு விடை

தமிழ்நாட்டில் இன்ஜினியரிங் படித்த யாரையாவது பிடித்து "பூஜ்ஜியம், மூன்று, பதினைந்து" என்று சொல்லிப் பாருங்கள். முகத்தில் ஒரு சிரிப்பு வரும். எந்த ஊர், எந்தத் துறை, எந்த பேட்ச் என்பதெல்லாம் கணக்கில்லை.

அது ஒரு மேட்ரிக்ஸின் விடை. மேட்ரிக்ஸ் என்றால் பெட்டிக்குள் அடுக்கிய எண்கள், அவ்வளவுதான். இந்தப் பெட்டி இப்படி இருக்கும்:

8  −6  2
−6  7  −4
2  −4  3

இதற்கு ஐகன் வேல்யூ கண்டுபிடி என்பது கேள்வி. ஐகன் வேல்யூ என்றால் என்ன என்று யாரும் கேட்டதில்லை, யாரும் சொன்னதுமில்லை. இரண்டு பக்கத்துக்கு எழுதினால் கடைசியில் பூஜ்ஜியம், மூன்று, பதினைந்து என்று வரும். பெரிய கேள்வி, நிறைய மார்க். வருஷா வருஷம் வரும்.

கீழவீதி ஜெராக்ஸ் கடையில் பரீட்சைக்கு முந்தின வாரம் முக்கியமான கணக்குகளைக் கட்டுக் கட்டாகப் போட்டு விற்பார்கள். முதல் பக்கத்திலேயே இது இருக்கும். சீனியர்கள் எங்களைப் பார்த்தால் நல்லா இருக்கியா என்று கேட்க மாட்டார்கள். "பூஜ்ஜியம் மூணு பதினஞ்சு பாத்துட்டியா?" என்றுதான் கேட்பார்கள்.

என் தோழி ரேவதி அதை ராகம் போட்டுப் பாடுவாள். அவள் நெல்லிக்குப்பத்துப் பெண். கரும்பு போடுகிற குடும்பம். கணக்கில் முதல் தடவையே எண்பதுக்கு மேல் வாங்கியவள். காரணம், மனப்பாடம். "லாம்டா கியூப் மைனஸ் பதினெட்டு லாம்டா ஸ்கொயர் பிளஸ் நாற்பத்தஞ்சு லாம்டா" என்று அவள் ஆரம்பித்தால், பஸ்ஸில் முன் சீட்டு அம்மாக்கள் ஏதோ மந்திரம் என்று நினைத்துத் திரும்பிப் பார்ப்பார்கள்.

"புரிஞ்சிகினு போட்டா லேட்டாவும்டி. உள்ள ஏத்திகினு போ, அங்க போயி கொட்டு" என்பாள்.

எனக்கு ஏறாது. அதுதான் என் பிரச்சினை. மூன்றாவது வரியில் பிளஸ்ஸா மைனஸ்ஸா என்று சந்தேகம் வந்தால் அத்தோடு காலி. ஏன் பிளஸ் என்று தெரியாமல் எனக்குப் பிளஸ் போட வராது. பிடிவாதம் என்றுகூடச் சொல்லலாம், அம்மா அப்படித்தான் சொல்வாள்.

இரண்டு தொட்டி

சிதம்பரத்திலிருந்து கடலூர் வருகிற பஸ்ஸில் கண்ணை மூடிக்கொண்டே ஊர் சொல்லலாம். ஆலப்பாக்கம் தாண்டினால் காற்று மாறும். செம்மங்குப்பம் வந்ததும் மூக்கில் சுருக்கென்று ஒரு நெடி ஏறும். வெளியூர்க்காரர்கள் கர்ச்சீப்பை எடுப்பார்கள். நான் பையை எடுப்பேன், என் ஸ்டாப் நெருங்குகிறது என்று அர்த்தம்.

"உங்க ஊர்ல மனுசன் இருப்பானாடி?" என்பாள் ரேவதி.

"சக்கர ஆலை ஓடறப்ப உங்க ஊர்ல மட்டும் மல்லிப்பூவா மணக்குது?" என்பேன்.

இது தினமும் நடக்கும். இந்தப் பரீட்சைக்குச் சில வாரம் முன்னால் ஒரு நாள் மட்டும் நடக்கவில்லை. மறுநாள் கொடுக்க வேண்டிய ஒரு அசைன்மென்ட் இருவர் மடியிலும் கிடந்தது. கணக்குப் பேப்பருக்கும் அதற்கும் சம்பந்தமே கிடையாது, கெமிக்கல் துறைப் பாடம்.

இரண்டு தொட்டிகள். இரண்டிலும் உப்புத் தண்ணீர், ஒன்றில் அதிகம், மற்றதில் குறைவு. நடுவில் போகவும் வரவும் குழாய். ஒவ்வொரு தொட்டிக்கும் தனியாக நல்ல தண்ணீர் உள்ளே வருகிறது, உப்புத் தண்ணீர் ஒரு வடிகால் வழியாக வெளியே போகிறது. நேரம் ஆக ஆக எந்தத் தொட்டியில் எவ்வளவு உப்பு இருக்கும்?

உப்பு மாறுகிற வேகத்தை எழுத வேண்டும். அதற்குப் பெயர்தான் டிஃபரன்ஷியல் ஈக்வேஷன். முதல் தொட்டி வடிகாலில் ஒரு பங்கை இழக்கிறது, பக்கத்துத் தொட்டிக்கு ஒரு பங்கைக் கொடுக்கிறது, அங்கிருந்து ஒரு பங்கை வாங்குகிறது. ஆக, தன்னுடையதில் இரண்டு போகிறது, அடுத்ததிலிருந்து ஒன்று வருகிறது. இரண்டாம் தொட்டிக்கும் அப்படியே. இரண்டு சமன்பாடுகளை எழுதிவிட்டேன். அதோடு நின்றுவிட்டேன்.

"இது தெரியணும்னா அது தெரியணும். அது தெரியணும்னா இது தெரியணும். ரெண்டும் ஒன்னோட ஒன்னு சிக்கிகினு இருக்குடி" என்றேன்.

"பத்தாவதுல இன்னா பண்ணுவோம்? கூட்டுவோம், இல்லனா கழிப்போம்."

"இது டிஃபரன்ஷியல் ஈக்வேஷன்டி."

"அதுக்குன்னு கூட்டக் கூடாதுன்னு சட்டமா?"

சும்மா சொன்னாள். ஜன்னல் பக்கம் திரும்பி வேர்க்கடலை கொறிக்க ஆரம்பித்துவிட்டாள். நான் கூட்டிப் பார்த்தேன்.

சிக்கல் அவிழ்ந்துவிட்டது. இரண்டு தொட்டியிலும் உள்ள உப்பைச் சேர்த்துப் பார்த்தால், அந்த மொத்தம் யாரையும் எதிர்பார்க்காமல் தன் போக்கில் குறைந்துகொண்டு போனது. வேகம் ஒன்று. அப்புறம் கழித்தேன். இரண்டு தொட்டிக்கும் உள்ள வித்தியாசம், அதுவும் தனியாக, தன் போக்கில் குறைந்தது. வேகம் மூன்று.

அதாவது இரண்டு தொட்டியும் முதலில் மளமளவென்று ஒரே மாதிரி ஆகிவிடும். பிறகு இரண்டும் சேர்ந்து நிதானமாகத் தெளியும். எனக்குக் கண்ணுக்கு முன்னால் தெரிந்தது. ஒரு கணக்கு எனக்குக் கண்ணுக்கு முன்னால் தெரிந்தது அதுவே முதல் தடவை.

ஸ்டாப் போன கதை

ஒன்று, மூன்று. இந்த இரண்டு எண்ணும் எங்கிருந்து வந்தன? சமன்பாட்டில் இருந்ததெல்லாம் இரண்டும் ஒன்றும்தானே?

அந்த நான்கு எண்களையும் எடுத்து ஒரு பெட்டிக்குள் போட்டேன். மைனஸ் இரண்டு, ஒன்று; ஒன்று, மைனஸ் இரண்டு. ஏன் போட்டேன் என்று கேட்டால் தெரியாது. பெட்டியைப் பார்த்தால் ஐகன் வேல்யூ கண்டுபிடிக்கிற பழக்கம். ரேவதி பாடுகிற அதே முறையில் லாம்டா போட்டுக் கணக்குப் பண்ணினேன்.

மைனஸ் ஒன்று. மைனஸ் மூன்று.

"ரேவதி" என்றேன். குரல் எனக்கே வேறு மாதிரி கேட்டது. "ரேவதி, மொத யூனிட்டும் நாலாவது யூனிட்டும் ஒன்னுடி."

கடலையைக் கையில் வைத்துக்கொண்டு எட்டிப் பார்த்தாள். பார்த்துக்கொண்டே இருந்தாள். அப்புறம் என் பேனாவைப் பிடுங்கினாள்.

எங்கள் கணக்குப் பேப்பரில் முதல் யூனிட் மேட்ரிக்ஸ். நாலாவது யூனிட் டிஃபரன்ஷியல் ஈக்வேஷன். நடுவில் சம்பந்தமில்லாமல் வேறு இரண்டு. மேட்ரிக்ஸை ஒருவர் எடுத்தார், டிஃபரன்ஷியலை இன்னொருவர் எடுத்தார். நான் முதல் தடவை நாலாவது யூனிட்டையே விட்டுவிட்டுப் போனேன், எல்லாரும் ஏதாவது ஒன்றை விடுவார்கள். இரண்டும் ஒரே சமாசாரம், ஒன்றின் விடைதான் மற்றதின் வேகம் என்று ஒருவர் கூட வாயைத் திறந்து சொல்லவில்லை. எனக்குச் சந்தோஷத்தில் அழுகை வந்தது. கூடவே கோபமும் வந்தது. இரண்டு வருஷமாக என்னை மக்கு என்று நானே நினைத்துக்கொண்டிருந்தேன்.

ரேவதி அதற்குள் அடுத்ததுக்குப் போய்விட்டாள். "ஏய், ரெண்டு வடிகாலையும் இன்னும் கொஞ்சம் தொறந்து வுட்டா இன்னா ஆவும்?"

போட்டுப் பார்த்தோம். மைனஸை விட்டுவிடுங்கள், பெட்டியின் மூலைவிட்டத்தில் இருந்த இரண்டும் இரண்டும் மூன்றும் மூன்றும் ஆயின. வேகங்கள் ஒன்று, மூன்று என்று இருந்தவை இரண்டு, நான்கு ஆயின. ஒன்று கூட்டினோம், ஒன்று கூடியது. அவ்வளவுதான். கூட்டலும் கழித்தலும் அப்படியே இருந்தன, இரண்டு தொட்டியும் சமமாகக் கூடுதலாக வடிகிறது, வேறென்ன ஆகும்?

"அய்யய்ய, இவ்ளோதானா?" என்றாள் ரேவதி. எண்பதுக்கு மேல் வாங்கியவள். "இவ்ளோதானாடி?"

நிமிர்ந்து பார்த்தால் பஸ் கடலூர் பஸ் ஸ்டாண்டுக்குள் திரும்பிக்கொண்டிருந்தது. முதுநகர் எப்போதோ போய்விட்டது. செம்மங்குப்பம் நெடி கூட மூக்கில் ஏறவில்லை. கண்டக்டர் வந்து நின்று, "ஏம்மா, முதுநகர் முதுநகர்னு தொண்டத்தண்ணி வத்தக் கத்துனனே, ரெண்டு பேரும் சண்டையா போட்டுகினு இருந்தீங்க?" என்றார். சண்டை என்றே நினைத்திருக்கிறார். பாவம், அவ்வளவு சத்தம் போட்டிருக்கிறோம்.

ரேவதி தன் நெல்லிக்குப்பம் பஸ்ஸை விட்டுவிட்டு எனக்கு முதுநகர் பஸ் வரும்வரை என்னோடு நின்றாள். இருவரும் ஆளுக்கொரு பன்னீர் சோடா குடித்தோம். எதற்கென்று சொல்லத் தெரியாமல் சிரித்துக்கொண்டே இருந்தோம்.

எட்டா, ஒன்பதா

இப்போது பரீட்சை ஹாலுக்குத் திரும்பலாம்.

பாலாஜி இன்னும் நின்றுகொண்டிருந்தான். சூப்பர்வைசர், "கணக்கு டிபார்ட்மென்ட்ல கேட்டுப் பாக்கறேன், நீங்க எழுதிக்கிட்டிருங்க" என்று சொல்லிவிட்டு யாரையோ அனுப்பினார். போன ஆள் திரும்பி வரவில்லை.

பாலாஜி உட்கார்ந்தான். பக்கத்திலிருந்தவனிடம், "மச்சான், எட்டுன்னு திருத்திக்க. கீழயும் ரெண்டு எடத்துல தப்பா இருக்கு பாரு, எல்லாத்தையும் திருத்திக்க" என்றான். அது பெஞ்சு பெஞ்சாகப் போனது. ஹால் முழுக்கப் பேனாக்கள் கேள்வித்தாளை அடித்துத் திருத்தின. விடை தெரியும், அந்த விடைக்குக் கேள்வி பொருந்தவில்லை, ஆகவே கேள்வியைச் சரி செய்தார்கள். ஒருத்தி விடைத்தாளிலேயே "வினாவில் பிழை உள்ளது, சரியான மேட்ரிக்ஸ் பின்வருமாறு" என்று அழகாகக் கோடு போட்டு எழுதினாள்.

நானும் பேனாவை எடுத்தேன். ஒன்பதின் மேல் முனையை வைத்தும்விட்டேன்.

எட்டு ஒன்பதாகியிருக்கிறது. சரி, அச்சில் ஒரு பிசகு. ஆனால் நடுவில் ஏழு எட்டாகியிருந்தது. கடைசியில் மூன்று நான்காகியிருந்தது. மற்ற எண்கள் எல்லாம் அப்படியே இருந்தன. அச்சுக் கோளாறு மூலைவிட்டமாகப் பார்த்து ஒவ்வொன்று கூட்டுமா?

யாரோ வேண்டுமென்றே செய்திருக்கிறார்கள். யாரோ ஒருவர், எங்களுக்கு முகம் தெரியாத ஒருவர், கேள்வித்தாள் தயாரிக்கும்போது இந்த மூன்று எண்களை மட்டும் மாற்றிவிட்டுச் சிரித்திருக்கிறார். எனக்கு அவரைக் கட்டிப்பிடிக்கலாம் போல இருந்தது.

வடிகாலைத் திறந்துவிட்டிருக்கிறார், அவ்வளவுதானே? ஒன்று கூட்டினால் ஒன்று கூடும். பூஜ்ஜியம் ஒன்றாகும், மூன்று நான்காகும், பதினைந்து பதினாறாகும்.

ஒன்று, நான்கு, பதினாறு.

கடைசிப் பக்கத்தில் ஒவ்வொன்றாகச் சின்னதாகப் போட்டுப் பார்த்தேன். ஒன்று பொருந்தியது. நான்கு பொருந்தியது. பதினாறும் பொருந்தியது.

இப்போதுதான் மார்க் ஞாபகம் வந்தது. இரண்டு பக்கத்துக்கு எழுத வேண்டிய விடை எனக்கு நாலே வரி. எங்கள் ஊரில் மார்க் என்பது ஸ்டெப்புக்கு. விடை தப்பானாலும் ஸ்டெப் இருந்தால் பாதி மார்க் தேறும். ஸ்டெப் இல்லாமல் விடை மட்டும் இருந்தால் பார்த்து எழுதியது என்று கோடு போட்டுவிடுவார்கள். நீட்டி இரண்டு பக்கம் எழுதலாம்தான். எழுதினால் டிஃபரன்ஷியல் கேள்விக்கு நேரம் போதாது. நான் எழுதுவது அவ்வளவு மெது. அந்தக் கேள்வியையும் பார்த்துவிட்டேன், பஸ்ஸில் போட்டதன் அண்ணன் தம்பி மாதிரி ஒன்று கேட்டிருந்தார்கள்.

பாஸாக இரண்டும் வேண்டும். ஒன்றை நம்பி மற்றதை விட்டால் மூன்றாம் வருஷம் கிடையாது.

எழுதினேன். "தெரிந்த மேட்ரிக்ஸின் மூலைவிட்டத்தில் ஒவ்வொன்று கூட்டப்பட்டுள்ளது. ஆகவே ஒவ்வொரு ஐகன் வேல்யூவும் ஒன்று கூடும்." அது ஏன் என்பதற்கு ஒரு வரி நிரூபணம். விடை. கீழே ஒரு கோடு. பக்கத்தில் முக்கால்வாசி வெள்ளையாகக் கிடந்தது. அதைப் பார்க்காமல் பக்கத்தைப் புரட்டி அடுத்த கேள்விக்குப் போனேன். அதை எழுதியபோது எனக்கு இருந்த குஷி எந்தப் பரீட்சையிலும் இருந்ததில்லை.

கையெழுத்து

வெளியே வந்தால் வேப்பமரத்தடியில் கூட்டம். பாலாஜி நடுவில் நின்று ஒரு வெள்ளைத் தாளில் மனு எழுதிக்கொண்டிருந்தான். கேள்வி தவறு, ஆகவே எழுதிய எல்லாருக்கும் முழு மார்க் தர வேண்டும் என்று. அப்படித் தந்த காலம் உண்டு என்று சீனியர் யாரோ சொல்லியிருக்கிறார்.

எனக்காக ரேவதியும் வந்து காத்திருந்தாள். "இன்னா எழுதின?" என்றாள்.

"ஒன்னு, நாலு, பதினாறு."

"எத்தன பக்கம்?"

"நாலஞ்சு வரி."

அவள் நெற்றியில் அடித்துக்கொண்டாள். "அறிவு இருக்காடி உனக்கு? ஸ்டெப் இல்லாம எவன் மார்க் போடுவான்? போயி மொதல்ல கையெழுத்துப் போடு."

பாலாஜி தாளை நீட்டினான். "போடு ஜெசி. இதுக்கு மார்க் குடுத்துட்டா நாம எல்லாரும் பாஸு."

உண்மைதான். அந்த மனு ஏற்கப்பட்டால் என் வருஷம் பிழைத்துவிடும். நான் எழுதிய வரிகளை யாரும் படிக்கக்கூட வேண்டாம். பேனா கையில்தான் இருந்தது.

"கேள்வி சரி பாலாஜி" என்றேன்.

கூட்டம் என்னைப் பார்த்த பார்வையை விவரிக்க மாட்டேன். ரேவதி இடுப்பில் கிள்ளினாள். நான் விடவில்லை. வாய் திறந்தால் எனக்கு நிற்காது. பாலாஜியின் கேள்வித்தாளையே வாங்கி, பின்பக்கத்தில் இரண்டு தொட்டி வரைந்தேன். கூட்டினேன், கழித்தேன், வடிகாலைத் திறந்தேன். அப்புறம் அந்த மூன்று எண்களைக் காட்டினேன்.

இரண்டு மூன்று தலைகள் தாளின் மேல் குனிந்தன. பிறகு ஒருத்தன், "அப்ப பத்து கூட்டினா பத்து, பதிமூணு, இருவத்தஞ்சா?" என்றான். ஆமாம் என்றேன். "சூப்பர் மச்சான்" என்று பக்கத்தில் இருந்தவன் அவன் தோளில் அடித்தான். இன்னும் இரண்டு பேர் உட்கார்ந்து போட்டுப் பார்த்தார்கள். வெயிலில், அரியர் எழுதிவிட்டு வந்த பிள்ளைகள், யாரும் சொல்லாமல் கணக்குப் போட்டார்கள்.

பாலாஜி மட்டும் தாளையே பார்த்துக்கொண்டிருந்தான். "அப்ப நாங்கதான் கேள்வியத் தப்பாத் திருத்திட்டமா?"

அவன் கேள்வித்தாளை அவனிடமே திருப்பிக் கொடுத்தேன்.

"நீ கையெழுத்துப் போட வாணாம்" என்றான். "நாங்க போட்டுத்தான் ஆவணும். வேற வழி இல்ல." கோபமே இல்லாமல்தான் சொன்னான். மனுவை எடுத்துக்கொண்டு ஆபீஸ் பக்கம் போனார்கள்.

ரிசல்ட்

அந்த விடுமுறையில் நான் சாப்பிட்டேனா தூங்கினேனா என்று அம்மாவைத்தான் கேட்க வேண்டும். அப்பாவிடம் எல்லாவற்றையும் சொல்லியிருந்தேன். "நெசமாவே கேள்வி சரிதானா?" என்றார். சரிதாம்பா என்றேன். "அப்ப வுடு" என்று ஷிஃப்டுக்குக் கிளம்பிவிட்டார். அவர் வெளியே போனதும் எனக்குத்தான் விடமுடியவில்லை. நாலு வரிக்கு மார்க் போடுகிற மனுஷன் கையில் என் பேப்பர் போகட்டும் என்று வேண்டிக்கொண்டேன்.

ரிசல்ட் வந்த அன்று என் போனில் வெப்சைட் சுற்றிக்கொண்டே இருந்தது. ரேவதிக்கு என் ரெஜிஸ்டர் நம்பர் மனப்பாடம், அது வேறு. அவள்தான் முதலில் பார்த்துவிட்டுக் கூப்பிட்டாள்.

"மூணாவது வருஷமும் உன் ஊரு நாத்தத்த மோந்துகினுதான் வரணும் போல இருக்கு" என்றாள். சொல்லிவிட்டு அழுதாள். நானும் அழுதேன். அம்மா ஓடிவந்து, யாருக்கு என்ன ஆச்சு என்று கேட்டாள்.

அந்த நாலு வரிக்கு எவ்வளவு மார்க் போட்டார்கள் என்று எனக்கு இன்றுவரை தெரியாது. படித்திருக்கிறார், யாரோ ஒருவர் நின்று படித்திருக்கிறார், அது போதும்.

மனுவைப் பற்றி ஒரு பதிலும் வரவில்லை. பாலாஜி ஃபெயில். அவனுக்கு வருஷம் போய்விட்டது.

சாயங்காலம் வரை யோசித்துவிட்டு அவனுக்குப் போன் செய்தேன். என்ன சொல்லித் தேற்றுவது என்று நான்கு விதமாகத் தயார் செய்திருந்தேன். மணி இரண்டாவது தடவை அடிப்பதற்குள் எடுத்துவிட்டான்.

"பாலாஜி" என்று ஆரம்பித்தேன்.

"பாஸாயிட்டல்ல, தெரியும், ரேவதி சொல்லிச்சி. கங்கிராட்ஸ்" என்றான். "என்னிய வுடு. எனக்கு இன்னும் ஒரு வருஷம் டைம் இருக்கு. நானே உனக்குப் போன் பண்ணலாம்னு இருந்தேன். நீ அன்னிக்கி டயகனல்ல ஒன்னு கூட்டின இல்ல, அது சரி. பெட்டி மொத்தத்தையும் ரெண்டால பெருக்கினா இன்னா ஆவும் ஜெசி? காலைலேர்ந்து அதத்தான் போட்டுகினு இருக்கேன்."